ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு மடக்கு

போன திங்கட்கிழமை என் முதலாளியை அதட்டிவிட்டேன்.

நானா? ஆமாம், நானேதான். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் நம்ப மாட்டீர்கள். இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று பஸ் டிரைவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்ப நடந்து வருகிற ஆள் நான். பஹ்ரைனில் மனாமா சூக் கடைத்தெருவில் பத்தொன்பது வருஷமாக ஒரே கடையில் வேலை. பட்டன், ஜிப், லேஸ், நூல்கண்டு என்று தையல்காரர்களுக்கு வேண்டிய சாமான் விற்கிற கடை. இத்தனை வருஷத்தில் முதலாளியிடம் நான் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினால், இந்த ஒரு பக்கம் நிரம்புமா என்பதே சந்தேகம்.

முதலாளி பெயர் எஸ்ரா. நாங்கள் ‘பாபா’ என்போம். எழுபத்து மூன்று வயது. பிறந்து வளர்ந்தது எல்லாம் பஹ்ரைன். வீட்டில் அரபி, எங்களோடு இந்தி, கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும்.

அவர் யூதர்.

“பஹ்ரைனில் யூதரா?” என்று ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். இருக்கிறார்கள். ஈராக் பக்கமிருந்து எப்போதோ வியாபாரத்துக்கு வந்து தங்கிவிட்ட சில குடும்பங்கள். விரல்விட்டு எண்ணிவிடலாம். கூட்டமாகப் பிரார்த்தனை செய்யப் பத்து ஆண்களாவது வேண்டுமாம். அந்தப் பத்துப் பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. அதனால் அவரவர் வீட்டிலேயே முடித்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கோடையில் லெபனானில் சண்டை நடந்ததே… அப்போது எங்கள் ரூமில் டி.வி. பார்த்துக்கொண்டே என்னைத்தான் சீண்டுவார்கள். “என்ன முருகேசா, உங்க முதலாளிகிட்ட சொல்லி நிறுத்தச் சொல்லப்படாதா?” நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். கடையிலும் ஒருநாள் பழைய கஸ்டமர் ஒருவர், ஜிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “எஸ்ரா, உன் ஆட்கள் செய்கிறதைப் பார்த்தாயா?” என்று கேட்டுவிட்டார். நான் லேஸ் அளப்பதிலேயே கண்ணாக இருந்தேன்.

பாபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என் ஆட்களா? மொத்தம் மூன்று பேர். ஒருத்தன் மானாமதுரைக்காரன், இதோ லேஸ் அளக்கிறான். இன்னொருத்தன் கீழக்கரைக்காரன், உள்ளே பட்டன் எண்ணுகிறான். மூன்றாவது என் மகள், லண்டனில் இருக்கிறாள். மூன்று பேரும் ஒழுங்காகத்தான் இருக்கிறார்கள்.”

கஸ்டமர் சிரித்துவிட்டார். ஜிப்பும் விற்றுப்போனது.

விஷயத்துக்கு வருகிறேன். யூதர்களுக்கு வருஷத்தில் ஒருநாள் பெரிய நோன்பு. யோம் கிப்பூர் என்பார்கள். செய்த தப்புகளுக்கெல்லாம் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கிற நாள். ஒரு சாயங்காலம் தொடங்கி, மறுநாள் வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. இந்த வருஷம் அது ரமலான் மாதத்துக்கு நடுவில் வந்து விழுந்தது.

பாபாவுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் ஊசி. போன வருஷம் இதே நோன்பில் மயங்கி விழுந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மனைவி காலமாகி நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் தனி ஆள். தம்பி குடும்பம் ரொம்பத் தூரத்தில் இருக்கிறது. நோன்பு நாளில் இவர் காரில் ஏறவும் மாட்டார்.

இந்த வருஷம் டாக்டர் அம்மாவிடம் நானும் கூடப் போனேன். பை தூக்க. அவர் பஹ்ரைனிப் பெண், முஸ்லிம், நோன்பு வைத்திருந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே, “மாஃபி, கிடையாது. நோன்பு இருக்கக் கூடாது” என்றார்.

“ஒரே ஒரு நாள்தானே, டாக்டர்?”

“உங்களுக்கு ஒரு நாள். வெளியே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு முப்பது நாள். காலையிலிருந்து அவர்களிடமும் இதையேதான் கத்திக்கொண்டிருக்கிறேன். ஒருத்தரும் கேட்பதில்லை!”

வெளியே வந்து பார்த்தேன். சுவரில் சர்க்கரையும் நோன்பும் பற்றிப் போஸ்டர், மூன்று பாஷையில். அதன் கீழே வரிசையாகத் தாத்தாக்கள். பிடிவாதத்தில் எல்லாரும் ஒரே ஜாதி. நான் மட்டும் என்ன? கந்த சஷ்டிக்கு விரதம் இருக்கிறேன் என்று பிரஷர் மாத்திரையையும் சேர்த்து நிறுத்தி, தலைசுற்றி லேஸ் ரோல்களின் மேல் சாய்ந்தவன்தானே!

பாபா விடவில்லை. லண்டனில் இருக்கிற அவர்களுடைய மதகுருவுக்குப் போன் போட்டார். அவர் கொஞ்சம் சலுகை கொடுப்பார் என்று நினைப்பு. அவரோ டாக்டர் அம்மாவைவிடக் கண்டிப்பு. உயிருக்கு ஆபத்து என்றால் குடிக்காமல் இருப்பதுதான் பாவம் என்று சொல்லிவிட்டார். ஆனால் ஒரு வழியும் சொன்னார். இது அவர்கள் மதத்தில் பழைய காலத்திலிருந்தே இருக்கிற வழியாம். ஒரேயடியாகக் குடிக்காமல், ஒரு கன்னம் கொள்ளும் தண்ணீரைவிடக் குறைவாக ஒரு மடக்கு. பிறகு ஒன்பது நிமிஷம் இடைவெளி. பிறகு இன்னொரு மடக்கு. ஏதாவது தின்பதானாலும் ஒரு பெரிய பேரீச்சம்பழத்தைவிடக் கம்மியாக. அப்படிச் செய்தால் உயிரும் பிழைக்கும், நோன்பும் முழுசாக முறிந்ததாக ஆகாது.

என்னோடு வேலை செய்கிற கீழக்கரை காதர் பாய்க்கு இதைக் கேட்டுச் சந்தோஷம் தாங்கவில்லை. “அவங்க நோம்புலயும் பேரீச்சம்பழம்தானா? பாருங்களேன் மாப்ள!”

ஒரு கன்னம் எவ்வளவு கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்? அளந்துதான் பார்க்க வேண்டும். வாயில் தண்ணீரை ஊற்றி, ஒரு பக்கக் கன்னத்தில் அடக்கி, அதை டம்ளரில் துப்பி, கோடு போட வேண்டும். முந்தின வாரம், பகல் பன்னிரண்டு மணிக்கு, கடையின் உள்ளறையில் இந்த ஆராய்ச்சி நடந்தது. காதர் பாய் நோன்பாளி. தண்ணீரைப் பார்க்க வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பாபா கன்னத்தை உப்ப வைத்தார். நான் டம்ளரை நீட்டினேன்.

அந்த நேரம் பார்த்து முன்கடையிலிருந்து, “எஸ்ரா! எங்கே போனாய்?” என்று ஒரு குரல். எங்கள் பழைய கஸ்டமர் அம்மா, அபாயா அங்கிக்கு லேஸ் வாங்க வந்தவர். குரலோடு ஆளும் உள்ளே வந்துவிட்டார்!

ரமலான். நடுப்பகல். எந்த மதத்தாரும் அடுத்தவர் எதிரில் தண்ணீர் குடிக்கக் கூடாத நேரம். முதலாளி வாயில் தண்ணீர். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கண் மட்டும் இங்கும் அங்கும் உருள்கிறது. நான் டம்ளரோடு சிலையாக நிற்கிறேன்.

“பல் வலி” என்றார் காதர் பாய், சுவரைப் பார்த்தபடியே. “கன்னம் வீங்கிப் போச்சு. பேச முடியாது.”

அந்த அம்மா அருகில் வந்து கன்னத்தை உற்றுப் பார்த்தார். “பாவம்! கிராம்பை வை” என்றார். மறுநாள் ஒரு சின்ன பாட்டிலில் கிராம்புத் தைலமே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

“நோம்போட என்னைப் பொய் சொல்ல வச்சுட்டீங்களே பாபா!” என்று காதர் பாய் புலம்ப, பாபா தைலப் பாட்டிலை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். “அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்க வேண்டிய லிஸ்ட்டில் இதையும் சேர்த்துவிட்டேன். உனக்கும் சேர்த்துக் கேட்கிறேன்.”

சரி… ஒன்பது நிமிஷத்துக்கு ஒருமுறை மணி பார்த்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அன்றைக்கு வேலை எதுவும் செய்யக் கூடாது என்பதால் அவர் சுவிட்சைக்கூடத் தொடமாட்டார். சர்க்கரை பார்க்கிற மெஷினையும் வேறு யாராவதுதான் அமுக்க வேண்டும். லண்டனிலிருந்து மகள் எனக்கே போன் செய்தது. “அங்கிள், அப்பா அன்றைக்குப் போன் எடுக்க மாட்டார். நீங்கள் பக்கத்தில் இருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன்.”

நான் என்ன சொன்னேன்? வழக்கம்போல, “யெஸ் மேடம்.”

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் வீட்டில் இருந்தேன். வெள்ளை உடுப்பு, காலில் துணிச் செருப்பு, மடியில் பிரார்த்தனைப் புத்தகம், ஜன்னலோரம் நாற்காலி. கோடு போட்ட டம்ளர் மேஜையில். சுவரில் கடிகாரம். எனக்குச் சமையலறையில் டீயும் பிஸ்கட்டும் எடுத்து வைத்திருந்தார். நோன்பாளி முன்னால் எப்படித் தின்பது? தொடவில்லை.

முதல் ஒன்பது நிமிஷம் முடிந்தது. ‘குடியுங்கள்’ என்று முதலாளியிடம் எப்படிச் சொல்வது? இருமினேன்.

அவர் நிமிர்ந்தார். “சளியா?”

“இல்லை பாபா… டைம்.”

குடித்தார். அடுத்த ஒன்பதுக்கும் இருமினேன். அதற்கடுத்ததற்கும். பத்து மணிக்குமேல் அவரே, “நீ இருமி இருமி நாளைக்கு டாக்டரிடம் உன்னைத்தான் கூட்டிப்போக வேண்டும். வாயைத் திறந்து சொல்” என்றார். அதன்பிறகு “டைம்” என்று சொல்லப் பழகினேன். மெஷினில் காலையும் மத்தியானமும் நம்பர் நன்றாகவே இருந்தது.

மூன்று மணிக்குத்தான் வினை வந்தது. நான் “டைம்” என்றேன். அவர் டம்ளரைத் தள்ளிவைத்தார்.

“கலாஸ். போதும்.”

“பாபா…”

“நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இன்னும் மூன்று மணி நேரம்தான். அதையாவது நிஜ நோன்பாக இருந்துவிட்டுப் போகிறேன். என் அப்பா சாகிற வருஷம்கூட ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. நான் குழந்தை மாதிரி டம்ளரில் நக்கிக்கொண்டு…”

புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். அவர் முதலாளி. அவர் கடவுள், அவர் நோன்பு. நடுவில் நான் யார்? டம்ளரை மூடிவைத்துவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன்.

ஒன்பது நிமிஷம் போனது. இன்னொரு ஒன்பது. ஒரு மணி நேரமே போய்விட்டது. ஏ.சி. அறையில் அவர் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. புத்தகத்தில் அதே பக்கம். திருப்பப் போன விரல் நடுங்கியது. நான் எழுந்து போய், கேட்காமலே அவர் கையை எடுத்து ஊசியால் குத்தி மெஷினை அமுக்கினேன்.

ஐம்பத்தெட்டு.

டாக்டர் அம்மா சீட்டில் எழுதியே கொடுத்திருந்தார். எழுபதுக்குக் கீழே போனால் மடக்கும் கிடையாது, கன்னமும் கிடையாது, ஒரு கிளாஸ் ஜூஸ் முழுசாக. லண்டன் குருவும் அதையேதான் சொல்லியிருந்தார். ஓடிப்போய் ஆரஞ்சு ஜூஸ் ஊற்றி வந்தேன். அவர் தலையை ஆட்டினார். கையால் கிளாஸைத் தள்ளினார். பாதி என் சட்டையில்.

அப்போதுதான் அது நடந்தது. எனக்குள் இப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. இந்தி எல்லாம் மறந்துபோய் மானாமதுரைத் தமிழ் வந்துவிட்டது.

“குடிங்கன்றேன்ல! என்ன தலைய ஆட்டிக்கிட்டு? டாக்டரு சொல்லியாச்சு, உங்க சாமியாரும் போன்ல சொல்லியாச்சு, இன்னும் யாரு வந்து சொல்லணும்? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? வாயத் தொறங்க!”

அவர் கண்கள் விரிந்தன. வாய் தானாகத் திறந்தது. குடித்தார். மிச்சம் இருந்ததைக் குடித்தார். இன்னொரு கிளாஸ் ஊற்றினேன். அதையும் குடித்தார்.

அதற்குப்பிறகுதான் யாரை அதட்டினேன் என்பது உறைத்தது. வேலை போச்சு என்றே நினைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் ஈரம். வியர்வையா, வேறா… நான் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கால் மணி நேரம் கழித்து மறுபடி மெஷின். நூற்றுப் பத்து. பாபா புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் திருப்பினார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“ஒன்பது நிமிஷம் ஆகிவிட்டதா?”

எனக்கு மூச்சு வந்தது. “ரெண்டாவது ஒன்பதுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு, பாபா.”

காத்திருந்தோம். அளந்து ஒரு மடக்கு குடித்தார். நட்சத்திரம் வரும்வரை அப்படியேதான் போனது.

நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கு சொன்ன கொஞ்ச நேரத்தில் காதர் பாய் தூக்குப் போணியில் நோன்புக் கஞ்சியோடு வந்துவிட்டார். “உங்க முறைப்படி அறுத்த கறி கிடைக்காதுன்னு கறியே போடலை பாபா. பருப்பும் தேங்காய்ப்பாலும்தான். நீங்க தாராளமாக் குடிக்கலாம்.” பாபாவுக்கு நட்சத்திரம் தெரிய இன்னும் அரை மணி நேரம். மூன்று பேரும் ஜன்னலில் தலையை நீட்டி வானத்தைத் தேடினோம். மூன்றாவது நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர் காதர் பாய்.

கஞ்சி ஆறியிருந்தது. மூன்று பேரும் போட்டி போட்டுக்கொண்டு குடித்தோம். காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இதையெல்லாம் யோசித்தபடி ரூமுக்கு நடந்தேன். டாக்டர் முஸ்லிம். நோயாளி யூதர். பக்கத்தில் உட்கார்ந்தவன் முருக பக்தன். மூன்று பேருடைய சாமிகளும், உடம்பு முடியாவிட்டால் சாப்பிடு என்றுதான் சொல்கின்றன. நாம்தான் கேட்பதில்லை. சாமியைவிடக் கண்டிப்பாக இருப்பதற்குப் பெயர் பக்தியா? எனக்குத் தெரியாது. நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். ஆனால் விட்டுக்கொடுக்கச் சொல்லி வழியும் காட்டுகிற சாமியிடம் போய் முறுக்கிக்கொண்டு நிற்பானேன்?

செவ்வாய்க்கிழமை பயந்துகொண்டேதான் கடைக்குப் போனேன். பாபா எனக்கு முன்னால் வந்து ஷட்டரைத் திறந்திருந்தார். என்னைப் பார்த்ததும் காதர் பாயிடம் உரக்கச் சொன்னார்: “அடுத்த வருஷமும் அந்த நாளில் இவனுக்கு என் வீட்டில்தான் டூட்டி. லீவு மாஃபி!”

லீவு இல்லை என்று ஒருத்தர் சொல்லி நான் சந்தோஷப்பட்டது, வளைகுடாவுக்கு வந்து இதுதான் முதல் தடவை.