அது சேமிப்பு இல்லை என்று எழுதியவர்

கோடைக் குடிநீர் பற்றிய கூட்டம் முடிந்து வராந்தாவுக்கு வந்தபோதுதான், ரெஜினா மேடம் இறந்துவிட்டார் என்று சொன்னார்கள். மாரடைப்பு. அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. படப்பையில் அவர் வீட்டு வாசலில் லாரியிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துக்கத்துக்குப் போன நாங்கள் விலைக்கு வாங்கிய தண்ணீரில் கைகால் கழுவினோம். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

அவருடன் வேலை பார்த்த உங்களில் பலர் அவரைப் பிடிவாதக்காரி என்பீர்கள். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஏரிகள் வறண்ட அந்த ஆண்டுகளில், உதவிப் பொறியாளர்களான எங்கள் இருவரிடமும் ஒரு வேலை தரப்பட்டது. பேரூராட்சி எடுத்த சிக்கன நடவடிக்கைகளால் உண்மையில் எவ்வளவு தண்ணீர் மிச்சமாகிறது என்று மதிப்பிட வேண்டும். தெருக்குழாய்களில், அமுக்கினால் மட்டும் தண்ணீர் வரும் புதுக் குழாய்களைப் பொருத்தியிருந்தார்கள். தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வாடகைக்கு இருந்த தெருக்களில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் விட்டார்கள். நெடுஞ்சாலையோரப் பழைய குழாயின் கசிவை அடைக்கும் திட்டம் மட்டும் காகிதத்தில் இருந்தது.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தெருவில் புதுக் குழாயைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் வீணாக ஓடியது. ஏன் இப்படி என்று கேட்டேன். குடத்தோடு நின்ற ஒரு பெண் சீறினாள். “ஒரு கையால அமுக்கிக்கினே இருந்தா கொடத்த யாரு புடிக்கிறது? உங்க வூட்லயும் இதே கொழாவா கீது?”

ரெஜினா மேடம் குழாயருகே போனார். கயிற்றை அவிழ்த்துவிட்டு, அவள் குடத்தை வாங்கித் தானே பிடித்துப் பார்த்தார். குடம் பாதி நிறைவதற்குள் சேலையெல்லாம் நனைந்துவிட்டது. “சரிதான்மா, நீ கட்டிக்கோ” என்று கயிற்றை அவளிடமே கொடுத்தார். அந்த வேலையில் நாங்கள் சிரித்தது அன்று மட்டும்தான்.

அடுத்த தெருவில், ஒரே அறையில் மாறி மாறி உறங்கும் திருநெல்வேலிப் பையன்கள் இருந்தார்கள். தண்ணீர் வரும் நாளில் எவ்வளவு பிடிக்கிறீர்கள் என்று மேடம் கேட்டார். “எங்க பிடிக்க அக்கா? தண்ணி வார நேரத்துல நாங்க கம்பெனில லைன்ல நிக்கோம்லா. ஓவர்டைம் பாத்த காசெல்லாம் லாரித் தண்ணிக்கே போவுது” என்றான் ஒருவன். அந்த லாரிகள் பக்கத்துக் கிராமக் கிணறுகளிலிருந்துதான் நிரம்பின. திரும்பி வரும் வழியெல்லாம் மேடம் எதிரே வந்த லாரிகளை எண்ணிக்கொண்டே வந்தார்.

பேரூராட்சிச் செயல் அலுவலர் கெட்டவரல்ல, அவரும் களைத்துப்போனவர். “அந்தத் தெருக்கள்ல தண்ணிச் செலவு பாதியா கொறைஞ்சிருக்கில்ல? சேமிப்புன்னு எழுதிக் குடுங்கம்மா. எல்லா வார்டுக்கும் இதையே நிரந்தரமாக்கிடலாம்” என்றார்.

“கொறைஞ்சது நெஜம் சார். ஆனா அவங்க சேமிக்கல. அவங்களுக்கு வரல. அதே அளவு தண்ணி கிராமத்துக் கெணத்துலேர்ந்து லாரியில ஏறி வருது, அவ்ளோதான்.”

“மேலேர்ந்து கேக்குறாங்கம்மா.”

“கேக்கட்டும் சார். நான் பாத்ததத்தான் எழுத முடியும்.”

மேடம் அதை அப்படியே எழுதினார். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை சேமிப்பு அல்ல, பற்றாக்குறை. அமுக்குக் குழாய் பயனற்றது. கசிவை முதலில் அடைக்க வேண்டும். நானும் கையெழுத்திட்டேன். அறிக்கை திரும்பி வந்தது. வார்த்தைகளை மாற்றி மூன்று முறை அனுப்பினோம், முடிவை மாற்றவில்லை. எனக்கு அலுத்துப்போய், விட்டுவிடலாமே என்றேன். “களைப்பா இருந்தா ஒக்காந்து எழுதலாம் சார். மாத்தி எழுத வேணாம்” என்றார். அவர் கண்களுக்குக் கீழும் கருத்திருந்தது.

கடைசியில் வேறொருவரை வைத்து வேறொரு அறிக்கை வாங்கினார்கள். அந்தத் தெருக்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது நிரந்தரமானது. மேடத்தைத் தொலைவிலுள்ள ஓர் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். தினமும் இரண்டு பேருந்து மாறிப் போய்வந்தார். ஆனால் மற்ற வார்டுகளுக்கு அந்த முறையை நீட்டிக்க யாரும் துணியவில்லை. எங்கள் அறிக்கை கோப்பில் இருந்ததுதான் காரணம் என்று பின்னால் கேள்விப்பட்டேன். கசிவையும் தாமதமாகவாவது அடைத்தார்கள். அதைச் சொல்ல ஒருமுறை படப்பைப் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பிடித்தேன். “சரி, பாதியாவது நடந்துச்சே” என்றார். மகிழ்ச்சியாகச் சொன்னாரா, சலிப்பாகவா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பேருந்து வந்துவிட்டது.

அவரை அடக்கம் செய்த மறுவாரம், ஒரு பகுதியில் தண்ணீர்ச் செலவு நன்றாகக் குறைந்திருப்பதாகக் கூட்டத்தில் வாசித்தார்கள். எல்லோரும் எழுந்திருக்கத் தயாரானார்கள். “யார் வீட்ல கொறைஞ்சிருக்கு? அங்க போய்ப் பாத்தீங்களா?” என்று கேட்டேன். நாற்காலிகள் மறுபடி இழுக்கப்பட்டன. பக்கத்திலிருந்தவர் பெருமூச்சு விட்டார். “ரெஜினா மேடம் மாதிரியே ஆரம்பிச்சிட்டீங்களா?” பாராட்டாக அவர் அதைச் சொல்லவில்லை. மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கேள்வியும், அதைக் கேட்டால் வந்துசேரும் களைப்பும்தான். இரண்டையும் நான் வைத்துக்கொள்கிறேன்.