செத்தவள் எழும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை

திரையரங்கில் டிக்கெட் கிழித்தவர்களுக்குத் தெரியும்: படத்தை எடுத்தவர் இத்தாலியில் நிம்மதியாக இருப்பார், ஏச்சு முழுக்க ஒஸ்லோவில் வாசலில் நிற்கிற எங்களுக்குத்தான்.

ஒரே ஒரு காட்சி

எங்கள் சின்னத் திரையரங்கில் டிக்கெட் கிழிப்பதும் நான்தான், படத்தை ஓட்டுவதும் நான்தான். பழைய இத்தாலியப் படமொன்றைப் போடச் சொல்லி மேலாளர் இங்கரை விடாமல் கேட்டேன். சவப்பெட்டி செய்கிறவனின் காதலி செத்து, எழும்பி வந்து, பாதி அழுகின முகத்தோடு "எப்போது கலியாணம்?" என்று கேட்கிற கதை. என் குரல் சின்னது, பிடிவாதம் பெரிது. கடைசியில் இங்கர் இறங்கி வந்தார்: "ஒரு ஞாயிறு பின்னேரம் தாறன். பாதிச் சனம் எழும்பிப் போச்சுதெண்டால், பிறகு நீ பொப்கோர்ன் மட்டும்தான் பொரிப்பாய்."

மூன்றும்தான்

கணவரின் கையைப் பிடித்தபடி ஒரு வயதான நோர்வேஜியப் பெண் வந்தார். பயப் படமா, சிரிப்பா, காதலா என்று கேட்டார். மூன்றும்தான் என்றேன். "நாப்பது வருசமா வீட்டில அதைத்தானே பாக்கிறன். ரெண்டு டிக்கெட் தாரும்."

சுடலைப் படம்

நகர் ஓரத்தில் நாங்கள் குடியிருக்கிற குரோருட்டிலிருந்து அம்மாவும் வந்துவிட்டார். சுவரொட்டியில் கல்லறைகளைக் கண்டதும் நின்றார். செத்தவீட்டுக்குப் போய் வந்தால் முழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்க விடாதவர். "படம்தானே அம்மா," என்றேன். "ஓம், படம்தான். ரெண்டு பேரும் முழுகிப்போட்டுத்தான் வீட்டுக்குள்ள போறது."

இடைவேளை

இங்கே படம் நடுவில் நிற்காது. நான் வேலை பழகியதோ தமிழ்ப் படக் காட்சிகளில். காதலியை அவன் முத்தமிட, அவளுடைய தாடை கழன்று அவன் கையில் வர, என் கை பழக்கத்தில் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டது. முழுச் சனமும் எழுந்து வெளியே வந்தது.

"பாதியில்லை, எல்லாரும்," என்றார் இங்கர்.

"திரும்பி வருவினம்," என்றேன். அன்றைக்குத்தான் என் குரல் எனக்கே கேட்டது.

கோப்பி வரிசையில் ஒரே சண்டை: அவன் அவளைக் கட்டுவதா, ஓடுவதா? "வாக்குக் குடுத்தவன் கட்டத்தான் வேணும்," என்று அம்மா நோர்வேஜிய மொழியில் தீர்ப்புச் சொன்னார். மணியடித்தேன். ஒருவர் மிச்சமில்லாமல் உள்ளே போனார்கள். வெறிச்சோடிய முன்கூடத்தைப் பார்த்தபடி இங்கர் சொன்னார்: "அடுத்த மாதத்துக்கும் ஒரு படம் பார். இந்த நிப்பாட்டலையும் விட்டிடாதை."

அம்மா சொன்னபடி வீட்டுக்குப் போய் முழுகினேன். பெட்டிக்குள் வைத்து ஆணியடித்தாலும் எழும்பி வருகிற என் பிடிவாதத்தை மட்டும் கழுவவில்லை.