குடைக் கம்பியும் கட்டைவிரலும்

புனல் காணாமல் போனபோதுதான் அந்த வீட்டில் விஷயம் கசியத் தொடங்கியது.

எண்ணெய் டின்னை ஒரு கையிலும் காலி பாட்டிலை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"முதல்ல சின்ன ஸ்பூன் போச்சு. அப்புறம் துணி மாட்டுற கிளிப். என் குடையில ஒரு கம்பியே இல்ல, விரிச்சா ஒரு பக்கம் முகம் தொங்கிப்போய் நிக்குது. இப்பப் புனல். இந்த வீட்டுல எலி இருக்குன்னா, அது நல்லா தொழில் தெரிஞ்ச எலிங்க."

"எலிக்குப் புனல் எதுக்கு?" என்றார் அவர். ஷூவுக்குள் காலை நுழைப்பதில் மும்முரமாக இருந்தார்.

"அதைத்தான் நானும் எலிகிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன்."

எலி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கியது.

அலுவலகங்களில் அவருக்கு ரப்பர்க்காரர் என்று பெயர். காப்பியர் மெஷின் பழுது பார்ப்பது வேலை. தட்டில் அடுக்கியிருக்கும் தாளை மெஷினுக்குள் ஒவ்வொன்றாக இழுத்துப் போடுவது சின்னச் சின்ன ரப்பர் உருளைகள். நாள்பட்ட ரப்பர் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகிவிடும். தாளைப் பிடிக்காமல் வழுக்கும், அல்லது இரண்டு மூன்றைச் சேர்த்து இழுத்து உள்ளே கசக்கி வைக்கும். மற்ற மெக்கானிக்குகள் உருளையை முழுசாகக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிசு போடுவார்கள். இவர் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சக்கரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே இருக்கும் ரப்பர் வளையத்தை மட்டும் உரித்துப் புதிசு ஏற்றுவார். அளவு சின்னதாகிப்போன வளையலைக் கையில் ஏற்றுகிற மாதிரிதான். அமுக்கி, சுற்றி, தள்ள வேண்டும். வருஷக்கணக்காக அந்தத் தள்ளுகிற வேலையைப் பார்த்தது அவருடைய வலது கட்டைவிரல்.

அந்த விரல்தான் மரத்துப் போயிருந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு அலுவலகத்தில் டீ கொடுத்தார்கள். கொதிக்கக் கொதிக்கக் கண்ணாடி டம்ளர். பிடித்த வேகத்தில் மற்ற விரல்களெல்லாம் பதறி விலகின. கட்டைவிரல் மட்டும் சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விரலை வாயருகே கொண்டுபோய்க் கடித்துப் பார்த்தார். யாருடைய விரலையோ கடித்தது போலிருந்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. காரணம், மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அவர் வேலை பார்க்கும் கடை மச்சானுடையது. மச்சான் நல்லவர், சிக்கலே அதுதான். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டாவது நிற்கலாம். முன்பு ஒரு மெக்கானிக்குக் கண் மங்கியது. மச்சான் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. கடை வாசலில் நாற்காலி போட்டு, மெத்தை போட்டு, "இனிமே நீங்க கவுண்டர்ல ஹாயா உட்காருங்க" என்றார். அந்த மனிதர் இன்றைக்கும் ஹாயாக உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிற வண்டிகளின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மெஷினுக்குள் அப்படி என்னதான் வைத்திருக்கிறது என்று கேட்டால் ரப்பர்க்காரருக்குச் சொல்லத் தெரியாது. பக்கக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் வெதுவெதுப்பு, சூடான தாளின் வாசனை, ஒரு பல் நகர்ந்தால் இன்னொரு பல் நகரும் ஒழுங்கு. இதெல்லாம் ஒரு காரணமா? இன்னொன்றும் இருந்தது. முட்டி போட்டு உட்காருகிற வேலைதான். ஆனால் அவர் முட்டி போட்டால் அலுவலகமே கையில் தாளோடு எழுந்து நிற்கும். மற்றபடி எந்த அலுவலகத்திலும் அவருக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. இதில் எது தன்னை மெஷினோடு கட்டிப்போட்டிருக்கிறது என்று அவர் சில சமயம் யோசிப்பார். இரண்டாவதுதான் என்றால் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். அதோடு யோசனையை நிறுத்திக்கொள்வார்.

அதனால் விரல் மறந்துபோன ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கருவி செய்துகொண்டார். உருளையைப் பிடித்திருக்கும் சின்னப் பிளாஸ்டிக் கொக்கியை நகத்தால் நிமிர்த்த முடியவில்லை. குடைக் கம்பியை வெட்டி, முனையை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, தூண்டில் முள் மாதிரி வளைத்தார். உருளை சுற்றும் அச்சில் மாட்டியிருக்கும் பிறை வடிவக் கிளிப்பைத் தள்ளிவிட முடியவில்லை. ஸ்பூனின் காம்பில் அரத்தால் ஒரு பள்ளம் அறுத்தார். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கத் துணி கிளிப். கடைசியாகப் புனல். அதன் அகன்ற வாயைச் சக்கரத்தின் அளவுக்கு வெட்டி, சக்கரத்தோடு ஒட்டவைத்துப் பிடித்துக்கொள்வார். குறுகின மூக்கில் ரப்பர் வளையத்தை மாட்டி உள்ளங்கையால் தள்ளினால், வளையம் தானாக விரிந்துகொண்டே போய்ச் சக்கரத்தில் உட்கார்ந்துவிடும். கட்டைவிரலுக்கு வேலையே இல்லை.

எல்லாவற்றையும் ஒரு ஜிப் பையில் போட்டுக் குலுக்கி எடுத்துப் போவார். விரலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பொய் ஆகுமா? ஆகாது என்று காலையில் தோன்றும். வீடு திரும்பும்போது அவ்வளவு உறுதியாகத் தோன்றாது.

புனல் விசாரணை நடந்த அன்று அவருக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. அங்கே தலைமை எழுத்தராக இருந்த அம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"வாங்க ரப்பர் சார். சாயங்காலம் பரீட்சைத் தாள் ஓட்டணும். பள்ளிக்கூடம் முழுக்கவும் இந்த ஒரு மெஷின்தான். இது தாளைச் சிக்கவச்சா எங்க பெரியவர் என்னைச் சிக்கவச்சிடுவார்."

"உங்களைச் சிக்கவைக்கிற ஆள் இன்னும் பிறக்கலீங்க."

"பிறந்துட்டாரு. பக்கத்து ரூம்லதான் இருக்காரு. மெதுவாப் பேசுங்க."

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. மூன்று உருளைக்கும் புது ரப்பர் ஏறியிருந்தது. சோதனைக்கு ஓட்டிய தாள்கள் வரிசை தப்பாமல் வந்து விழுந்தன. தரையில் பரப்பியிருந்ததையெல்லாம் ஜிப் பைக்குள் வாரிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். இன்னும் இரண்டு அலுவலகத்தில் தலையைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபோது வெயில் சாயவில்லை.

கை கால் கழுவிவிட்டு வந்து பார்த்தால், சாப்பாட்டு மேஜையில் ஜிப் பை கவிழ்ந்து கிடந்தது. மனைவி எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"திருட்டுப் பொருளெல்லாம் பிடிபட்டாச்சு. எலி வந்து வாக்குமூலம் கொடுக்கலாம்."

மாட்டிக்கொண்ட பிறகு மறைத்து என்ன பயன்? அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். சொல்லச் சொல்ல அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. இத்தனை நாளும் இதை ஒருவரிடமாவது காட்ட வேண்டும் என்று மனசுக்குள் ஆசை இருந்திருக்கிறது போல. புனலை இடது கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, வலது கையை மேஜையில் வைத்தபடி விளக்கினார்.

"இது மூக்கு. வளையம் இங்க ஏறும். இப்படியே தள்ளிக்கிட்டே போனா..."

"ம்."

"அகலம் ஆக ஆக ரப்பர் விரியும். விரிஞ்சு, சக்கரத்துல போய்ப் பொத்துன்னு உட்காரும்."

"அதாவது, கட்டைவிரலு செய்ற வேலை."

"ஆமா, அதே வேலைதான்."

"ஸ்பூனு?"

"அதுவும் அப்படித்தான். கிளிப்பைத் தள்ளுறதுக்கு."

"அதுவும் கட்டைவிரலு வேலை."

அப்போதுதான் அவர் பேச்சை நிறுத்தினார். அவள் கண் போன இடத்தைப் பார்த்தார். மேஜை மேல் இருந்த அவருடைய வலது கட்டைவிரலில் துணி கிளிப் கவ்விக்கொண்டிருந்தது. எப்போது மாட்டினாள் என்று தெரியவில்லை. விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

அவள் கிளிப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தை அழுத்தித் தேய்த்துவிட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி. ஸ்பூன் இருக்கு, கிளிப் இருக்கு, புனல் இருக்கு. என் குடைக் கம்பி எங்க?"

அவர் பையை உதறினார். பெரிய பையைக் கவிழ்த்தார். சட்டைப் பையைத் தடவினார். கம்பி இல்லை.

கடையில் வாங்குகிற கருவிப் பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளம் இருக்கும். ஒன்று குறைந்தால் பள்ளம் வாயைப் பிளந்து காட்டிக்கொடுத்துவிடும். இவருடைய கருவிகளுக்குப் பள்ளம் ஏது? அள்ளிப் போட்டால் அள்ளியதுதான் கணக்கு. எது குறைகிறது என்று அவருக்கே தெரியாது. எல்லாமே தன் வீட்டிலிருந்து திருடு போன பொருள் என்பதால் அவளுக்குத்தான் தெரிந்தது.

யோசித்துப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் மூன்றாவது உருளையின் கொக்கியை நிமிர்த்திவிட்டு, கம்பியை வலது கையிலேயே வைத்துக்கொண்டு, இடது கையால் ஸ்பிரிங்கைப் பிடித்தார். அதற்கப்புறம் கம்பி எங்கே போனது? கீழே வைத்த ஞாபகம் இல்லை. வைக்கவில்லை. கையிலிருந்து போயிருக்கிறது, விரல் சொல்லவில்லை.

"மெஷினுக்குள்ள இருக்கு" என்றார்.

"இருந்தா?"

"சோதனைக்கு நாலு தாள் ஓட்டினேன், ஒண்ணும் ஆகல. பள்ளிக்கூடத்துல விடாம ஓட்டுவாங்க. அதிர அதிர நகர்ந்து போய்ப் பல்சக்கரத்துல மாட்டுச்சுன்னா முடிஞ்சுது. பரீட்சைத் தாள் அச்சாகாது."

இப்போதே ஓடிப்போய், பழைய ரப்பரை விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று ஏதாவது சொல்லிக் கம்பியை எடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் போய்ச் சேருவதற்குள் அவர்கள் சுவிட்சைப் போட்டுவிட்டால்? போன் செய்தால் நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஏன் என்று கேட்பார்கள். மனைவி போனை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"சார், இப்பத்தான் சுவிட்ச் போட்டேன், சூடாகிட்டிருக்கு" என்றார் தலைமை எழுத்தர்.

"நிறுத்திடுங்கம்மா. உள்ள என் கம்பி ஒண்ணு விழுந்து கிடக்கு."

"கம்பியா? எப்படி விழுந்துச்சு?"

அவர் எதிரில் இருந்தவளைப் பார்த்தார்.

"கட்டைவிரல்ல உணர்ச்சி இல்லீங்க. விழுந்தது தெரியல."

சொல்லி முடித்த பிறகுதான், அந்த வாக்கியத்தை இதுவரை தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை என்பது உறைத்தது. பள்ளிக்கூட எழுத்தரிடம் போய் முதலில் சொல்லியிருக்கிறார்.

மனைவியும் கூடவே கிளம்பினாள். "எதுக்கு?" என்றதற்கு, "என் குடைக் கம்பியை நான் வாங்கிக்க வேணாமா?" என்றாள்.

மெஷினைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், கீழ்த் தட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவிலுள்ள சந்தில் கம்பி மினுங்கியது. விரல் நுழையாத சந்து. அந்தச் சந்தில் விட்டு எடுக்கத் தோதான ஒரே கருவி அந்தக் கம்பிதான். மனைவி கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி நீட்டினாள். வலது கையால் இரண்டு தடவை முயன்றார். ஊசி கம்பியைத் தொட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. அப்புறம் இடது கைக்கு மாற்றிக்கொண்டார். அது பழகாத கை. ஆனாலும் தொட்டால் தொட்டேன் என்று சொல்லுகிற கை. மெல்ல இழுத்து வெளியே கொண்டுவந்தார்.

நிமிர்ந்தபோது வாசலில் மச்சான் நின்றிருந்தார்.

"பயத்துல கடைக்கும் போன் போட்டுட்டேன், தப்பா நினைக்காதீங்க" என்று தலைமை எழுத்தர் முணுமுணுத்துவிட்டு மெஷினைப் போட்டார். தாள்கள் ஒழுங்காக விழத் தொடங்கின. மூவரும் வராந்தாவுக்கு வந்தார்கள். மச்சான் கம்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை நாளா மாப்ளே?"

"மழைக்காலத்துலேருந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா கவுண்டர்ல உட்கார வச்சிடுவீங்க."

"ஆமா, வைப்பேன்."

"அதான் சொல்லல."

"ரெண்டு பேரும் சரியாத்தான் பேசறீங்க" என்றாள் மனைவி. "அண்ணே, முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். நாற்காலியை அப்புறம் போடலாம்."

விரலடியில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். தள்ளுகிற வேலையை நிறுத்தி, கட்டுப் போட்டு வைத்தால் உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். எப்போது என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார். மச்சான் தன் பங்குக்கு ஒரு தீர்ப்புச் சொன்னார். விரலுக்குப் புத்தி வருகிறவரை மெஷின் கதவைத் திறக்கக் கூடாது. வந்துவிட்டதா இல்லையா என்பதை மாப்பிள்ளை சொன்னால் செல்லாது, தங்கச்சிதான் சொல்ல வேண்டும்.

ரப்பர்க்காரர் இப்போது கவுண்டரில் உட்காருகிறார். மெத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் பழைய மெக்கானிக் வண்டிகளின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார், இவர் "ம்" கொட்டுவார். ஒருநாள் கடையின் இன்னொரு மெக்கானிக் புனலை இரவல் கேட்டு வாங்கிப் போனார். இவருக்கு அன்றைக்கு முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும்போது அவர், "நல்லாத்தாங்க இருக்கு. ஆனா விரல்லயே போட்டா இன்னும் சீக்கிரம் முடியுது" என்றார். உண்மைதான். விரல் இருக்கிறவனுக்கு அந்தப் புனல் எதற்கு?

தினமும் காலையில் கட்டை அவிழ்த்துவிட்டு மனைவி டீ டம்ளரைக் கொண்டுவந்து அவருடைய கட்டைவிரலில் வைப்பாள். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம்.

"சுடுதா?"

இன்றைக்கு ஏதோ இருந்தது. சூடு என்று சொல்ல முடியாது. தூரத்தில் யாரோ கூப்பிடுவது போல ஒன்று. அவர் கண்ணை மூடியபடியே யோசித்தார்.

"சுடற மாதிரி இருக்கு."

"மாதிரி எல்லாம் வேணாம். சுடுதா, இல்லையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அண்ணனிடம் சொல்லிவிடுவாள். ஒருவேளை நாளைக்கே பையை மாட்டிக்கொண்டு போய் முட்டி போட்டு உட்காரலாம். பக்கக் கதவைத் திறந்ததும் அந்த வெதுவெதுப்பு முகத்தில் வந்து படும்.

"இல்ல" என்றார்.

அவள் டம்ளரை அவருடைய இடது கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.