வத்தலக்குண்டு வெயிலில் காய்ந்த பனி

தச்சர் கதவுக்குப் பூசிய ஆளிவிதை எண்ணெயின் வாசனையில், அம்மா படம் வரைந்த, இன்று விடுதியாகிவிட்ட தகரக் கொட்டகை என் நினைவில் திரும்பி வந்தது. காடாத்துணியில் மாட்டுத்தோல் காய்ச்சிய வச்சிரப் பசை பூசி, ஈய வெள்ளைச் சாயத்தையும் பக்கத்து ஊரான பள்ளங்கியின் மண்ணையும் எண்ணெயில் குழைத்து அம்மா கொடைக்கானல் பனியை வரைவாள். அந்தப் பனியே படத்தைக் காயவிடாது. அதனால் படங்கள் பஸ் ஏறி, மலையடிவார வத்தலக்குண்டில் கடைக்கார பாயின் மொட்டைமாடிக்கு வெயிலில் காயப் போகும்.

ஒருமுறை ஈரம் காயாத ஏரிப்படத்தில் புழுதி அப்பிவிட்டது. பாயே அதைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்தார்.

"காத்துல புழுதி ஒட்டிக்கிருச்சும்மா."

அம்மா படத்தை வெளிச்சத்தில் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள்.

"இருக்கட்டும் பாய். நம்ம பனிக்கு இந்தச் சொரசொரப்புதான் இல்லாமக் கெடந்துச்சு."

அதற்குப் பிறகு, "கீழ காத்தடிக்குதாண்ணே?" என்று பஸ் டிரைவரிடம் கேட்டு, அடிக்கிறது என்றால்தான் படங்களை ஏற்றுவாள்.