வெள்ளைப் பக்கமும் என் அவசரக் கையும்

மகள் பிளஸ் டூ முடித்த வருடம், காலேஜ் கவுன்சலிங்குக்கான அழைப்புக் கடிதம் தபாலில் வரவேயில்லை. அவளோடு படித்த பெண் கவுன்சலிங்குக்காகக் கோவைக்குக் கிளம்பிவிட்டதாகக் கேள்விப்பட்டதும் மகளை இழுத்துக்கொண்டு, அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்த பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன்.

இணையத்தில் கடிதத்தைத் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம்தான் வந்தது. ரிசல்ட் அன்றைக்கு ரெஃப்ரெஷ் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்துதானே மார்க் பார்த்தோம்? அதே நினைப்பில் அமுக்கினேன். மறுபடியும் வெள்ளை. திரும்பத் திரும்ப அமுக்கினேன். "கொஞ்சம் சும்மா இரும்மா" என்ற மகளையும் அதட்டினேன். நமக்குக் கடிதமே போடவில்லை என்று முடிவுகட்டி, வாசலில் இருந்த காயின் போனில் கணவரிடம் புலம்பப் போனேன்.

பேசி முடிப்பதற்குள் மகள் ஓடிவந்தாள். "வந்துடுச்சும்மா. நாளைக்குக் காலையில கோயம்புத்தூர்ல இருக்கணும்."

சென்டர்காரர் சலித்துக்கொண்டார். "பெரிய ஃபைலுங்க. முழுசா இறங்குனாத்தான் எழுத்து தெரியும். நீங்க அமுக்க அமுக்க அது முதல்லேருந்து ஆரம்பிக்குது."

கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து, வீட்டிலிருந்த சர்டிபிகேட்டுகளை அள்ளிக்கொண்டு திருச்சி பஸ்ஸில் ஏறினோம். நல்லவேளை, விடிவதற்குள் கோவை போய்விட்டோம்.

இப்போதும் வெள்ளைப் பக்கத்தைக் கண்டால் என் விரல் துடிக்கிறது. அதனால் மவுஸை மகளிடம் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்கிறேன். அவள் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வருகிறேன்.