வெள்ளைக்கு முந்திய ஈரம்

அறுபதுகளின் கடைசி. மஞ்சள் மக்காச்சோளம் எங்கள் பக்கம் தலைகாட்டிய புதிது. அண்ணனை நச்சரித்து, கிணற்றுமேட்டு வயலை ஒரே ஒரு வெள்ளாமைக்கு வாங்கினேன்.

"சோளம் விளைஞ்சா வயல் உன் பொறுப்பு. விளையலைன்னா தை பொறந்ததும் புதுவயல் ஊரு அரிசி மில்லுக்குப் போயி மூடைக்கு நம்பர் போடு. மச்சான் ஆள் கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றார்.

தவிட்டுத் தூசியை நினைத்தாலே எனக்குத் தும்மல் வரும். அங்கேயே இரண்டு தும்மினேன்.

வீட்டில் இரண்டு சாக்கு விதை இருந்தது. வெள்ளை நாட்டு ரகம் குட்டையாக வளர்ந்து சட்டென்று விளைந்துவிடும். மஞ்சள் ஒட்டு ரகம் ஆள் உயரம் தாண்டும், நிதானமாகத்தான் விளையும். ஆடியில் ஈரம் விழுந்ததும் இரண்டையும் ஒரே நாளில் ஊன்றிவிட வேண்டும் என்பது என் திட்டம்.

மழையும் பெய்தது. எப்போது? அம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டும் நாளில்! எங்கள் ஊரில் காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும் வரை யாரும் ஏர் பூட்டக் கூடாது. சாயங்காலம் கொட்டுச் சத்தம் கேட்பதற்குள் பாதி வயலுக்குத்தான் நேரம் இருந்தது.

"எந்த வெதைண்ணே மொதல்ல?" என்றார் உழவுக்காரர்.

"சீக்கிரம் விளையுறதைச் சீக்கிரம் போடுங்க!" என்று கத்தினேன். அவசரக்காரனுக்கு அவசர விதை. அந்த நிமிடம் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளை மண்ணுக்குள் போனது. மஞ்சள் காப்பு அவிழும் வரை சாக்குக்குள் தூங்கியது.

ஆவணி வந்தது. வெள்ளை அவசரம் அவசரமாகப் பூத்தது. கதிர் நுனியில் பட்டு நூல் தொங்க, மேலே இருக்கும் பூவிலிருந்து மகரந்தம் அதில் விழ வேண்டிய நேரம். அப்போது பார்த்து அனல் காற்று! கிணற்றில் சேறுதான் மிச்சம். பட்டு நூல் கருகியதைப் பார்த்ததும் எனக்குக் கைகால் ஓடவில்லை. பிறகு ஓடிய வேகத்துக்குக் கணக்கில்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீரைப் பூவாளியில் ஊற்றி, வரிசை வரிசையாக ஓடி, ஒவ்வொரு பூவின் தலையிலும் தெளித்தேன்.

சோறு கொண்டுவந்த அண்ணி வரப்பிலேயே நின்றுவிட்டார். "என்ன கொழுந்தனாரே, சோளத்துக்குத் தலைக்கு ஊத்துறீகளா? சீயக்கா கொண்டாரவா?"

இருந்த மகரந்தத்தையும் கழுவிவிட்டிருக்கிறேன்! உரித்துப் பார்த்தால் கதிரில் இங்கொரு மணி, அங்கொரு மணி. பொக்கை வாய் போல என்னைப் பார்த்துச் சிரித்தது. முந்தி விதைத்ததே இப்படியென்றால் பிந்தி விதைத்தது என்ன ஆகும்? மில்லுக்குப் போட்டுக்கொண்டு போக இரண்டு சட்டையை மடித்துக்கூட வைத்துவிட்டேன்.

ஆனால் மஞ்சள் பூத்தது புரட்டாசித் தூறலில். அடடா! ஒரு கதிரை உரித்தேன், இடைவெளி இல்லை. இன்னொன்று, அதிலும் இல்லை. எட்டுக் கதிரை வீணாக உரித்துவிட்டு, போதும்டா என்று என் கையை நானே அடித்துக்கொண்டேன். ஒரே வயல், ஒரே எரு. விதையை விட்டால், பூத்த வேளை மட்டும்தான் வேறு!

அந்தக் குதியாட்டமும் நிலைக்கவில்லை. நிதானக்காரனைப் பிந்தி விதைத்ததால், அவன் விளைந்து நின்றது கார்த்திகை அடைமழையில். தோகைக்குள் தண்ணீர் இறங்கி, சில மணிகள் கதிரிலேயே முளைவிட்டன. களம் குளமாகிக் கிடந்தது. மழை கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து அத்தனையையும் ஒடித்து, வண்டியில் ஏற்றி, கண்டனூருக்கு விரட்டினேன். அங்கே எங்களுக்குப் பழக்கமான ஆச்சி ஒருவர், தெருவுக்குத் தெரு நீளும் வீட்டில் தனியாக இருந்தார்.

"ஆச்சி, வளவுல முற்றத்தைச் சுத்தித் தாழ்வாரம் சும்மாதானே கெடக்கு? சோளத்தைக் காயப் போட்டுக்கிறேன். இல்லைன்னா நான் மில்லுக்குப் போயிருவேன்!"

"நீங்க மில்லுக்குப் போனா எனக்கென்ன வந்துச்சு?" என்றார் ஆச்சி. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "சரி, சரி, அழுதுறாதீக. காலைக் கழுவிட்டுக் கொண்டாங்க. தையில இந்த வீட்டுல கல்யாணம் இருக்கு, அதுக்குள்ள எடுத்துறணும்" என்றார்.

தோகையை உரித்து வரிசையாகப் பரப்பினேன். முற்றத்தில் மழை கொட்ட, சுற்றிலும் தூணுக்குத் தூண் மஞ்சள்! தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் இருந்த பூ ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. காற்று ஓடி ஓடிக் காயவைத்தது. நானும் கூடவே ஓடி ஓடிப் புரட்டினேன்.

கடைசியில் அண்ணன் வந்தார். சுற்றி நடந்தார். ஒரு மணியை எடுத்துக் கடித்தார். 'கடக்' என்று சத்தம் வந்தது.

"அடுத்த ஆடிக்கு எப்புடிப் போடுவ?"

"மொத ஈரத்துல மஞ்சள்ணே. காப்பு அவுத்தப்பறம் வெள்ளை. ரெண்டும் தூறல்ல பூக்கும், அடைமழைக்குள்ள கொஞ்சமாச்சும் முந்திக்கிரும்."

"பூவாளி?"

"தொடவே மாட்டேன்ணே."

"மச்சானுக்கு நான் சொல்லிக்கிறேன், வேற ஆளைப் பாக்கட்டும். கீழ வயலையும் நீயே சேத்துப் பாரு."

நான் குதித்தேன். நிஜமாகவே குதித்தேன். இறங்கிய இடத்தில் உதிர்ந்த மணிகள். வழுக்கிக்கொண்டு போய்த் தூணடியில் சப்பென்று உட்கார்ந்தேன்.

உள்ளிருந்து ஆச்சி பதறிக்கொண்டு ஓடிவந்தார். "ஐயையோ, கல்லு ஒடைஞ்சு போச்சான்னு பாருங்கய்யா!"