நான்காம் வரிசையில் ஒடீலியா

ஒடீலியா அருடா மார்ச் மாதம் இறந்தார். கடைசி ஒன்பது ஆண்டுகள் அவர் வக்கீல்; அமெரிக்காவின் ஃபால் ரிவர் ஊரில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்காக வாதாடியவர். அந்த ஒன்பது ஆண்டுகள் வாய்க்காமலே போயிருக்கும். எல்லாம் ஒரு கோடைக்கால வகுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்பு அவருக்குப் பள்ளிப் பேருந்து அலுவலகத்தில் வேலை. எந்தத் தெருவில் பனி மூடியிருக்கிறது, எந்தப் பேருந்து சுற்றிப் போக வேண்டும் என்று மைக்கில் ஓட்டுநர்களுக்குச் சொல்ல வேண்டும். மைக்கில் கத்தினால் ஒலி உடையும். தாழ்ந்த குரலில் சொன்னால் தெளிவாகப் போய்ச் சேரும். பல வருடம் அப்படிப் பேசியதில் வீட்டிலும் அதே குரலாகிவிட்டது. ஐம்பதை நெருங்கும்போது இரவுச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார்.

“பஸ்ஸை விட்டுட்டு ஜட்ஜை ஓட்டப் போறியா?” என்றார் கணவர் மனுவேல். சொல்லிவிட்டுக் கட்டணத்தையும் அவரே கட்டினார்.

ஊரில் இருந்த இலவசச் சட்ட உதவி அலுவலகம் ஒடீலியாவுக்காக ஒரு வக்கீல் வேலையிடத்தை ஒதுக்கி வைத்திருந்தது. பிப்ரவரியில் வக்கீல் தேர்வு எழுதினால்தான் அந்த இடம். எழுத வேண்டுமானால் டிசம்பரில் படிப்பு முடிய வேண்டும். பட்டத்துக்கு மூன்று கிரெடிட், அதாவது ஒரு பாடத்தின் அளவு, குறைந்தது. அவருடைய கல்லூரியில் கோடை வகுப்பு கிடையாது. பாஸ்டனில் வேறொரு சட்டக் கல்லூரி கோடையில் சாட்சியச் சட்டப் பாடம் நடத்தியது. அங்கே படித்து, கிரெடிட்டை இங்கே மாற்றிக்கொள்ளலாம். தன் கல்லூரித் தலைவரான டீனிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். குறைந்தது ‘சி’ எடுக்க வேண்டும். எடுத்த மதிப்பெண் கூடவே வராது. கிரெடிட் மட்டும்தான் வரும்.

“அப்ப சி எடுத்தாப் போதும், கண்ணை மூடிட்டுப் படி” என்றான் மகன் நெல்சன். அவன் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர்.

“நீ ஒரு பாலத்துக்கு சி போட்டா, அதுமேல நான் வண்டி ஓட்டுவேனாடா?”

டீனின் அனுமதி கடைசி நேரத்தில்தான் வந்தது. ஒடீலியா பாஸ்டனில் பதிவு செய்தபோது வகுப்பின் இருக்கை வரைபடம் அச்சாகிவிட்டிருந்தது. பேராசிரியர் விட்காம்ப் கையில் அந்த வரைபடத்தோடுதான் உள்ளே வருவார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முகம், ஒரு பெயர். விரலை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்துவார். அகப்பட்டவர் அன்றைய வழக்கைச் சொல்லியாக வேண்டும். தெரியாவிட்டால் எல்லார் முன்னாலும் தோலை உரித்துவிடுவார். முதல் நாள் அந்த விரல் நான்காம் வரிசைக்கு வந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒடீலியாவைத் தாண்டி, பக்கத்துப் பையன் மேல் நின்றது.

அன்று மாலை வீட்டில் ஒடீலியா முகமெல்லாம் சிரிப்பு. “நெல்சன், அந்த வரைபடத்துல நான் இல்லவே இல்லடா!”

“போய்ச் சொல்லு மா, சேர்த்துக்குவாங்க.”

“எதுக்கு? சட்டக் கல்லூரில எவனுக்கும் கிடைக்காத வரம். வாயை மூடிட்டு இரு.”

வரத்தை அவர் வீணாக்கவில்லை. பேருந்தில் போக வர வழக்குகளைப் படித்தார். தன்னைக் கூப்பிடுவார்கள் என்பது போலவே ஒவ்வொரு நாளும் தயாராகிப் போனார்.

பக்கத்துப் பையன் பெயர் டெக்லன். இரவில் மதுக்கடையில் வேலை, பகலில் பாதித் தூக்கம். விரல் அவன் மேல் நிற்கும்போதெல்லாம் ஒடீலியா உதடு அசையாமல் பதிலைச் சொல்வார். மைக்கில் பழகிய குரல். அவன் காதைத் தவிர வேறெங்கும் போகாது. வகுப்பில் நன்றாகப் பேசுகிறவர்களுக்கு மதிப்பெண்ணை ஒரு படி ஏற்றிப் போடுவது விட்காம்ப் வழக்கம். டெக்லனுக்கு அந்தப் படி நிச்சயம் என்று ஆகிவிட்டது.

“மிசஸ் அருடா, நீங்க வக்கீலானதும் என்னை ஸ்பீக்கரா வேலைக்கு வச்சுக்குங்க.”

“முதல்ல தலையைச் சீவிட்டு வா, மகனே. ஸ்பீக்கர் மேல ஒரே தூசி.”

கோடை வகுப்பின் தேர்வை எழுதத் தகுதியானவர்களின் பட்டியல் கடைசி வாரம் வெளியானது. ஒடீலியாவின் பெயர் இல்லை. கல்லூரி அலுவலகப் பெண் கணினியைத் தட்டிப் பார்த்தாள்.

“பணம் கட்டியிருக்கீங்க, பதிவும் இருக்கு. ஆனா ஒரு நாள்கூட வகுப்புக்கு வரலையே?”

“எல்லா நாளும் வந்தேம்மா.”

“வருகையை இருக்கை வரைபடத்துலதான் குறிப்பாங்க. ப்ரொஃபசர் எழுதிக் குடுத்தா உங்க பேரைச் சேர்த்துடறேன்.”

வரம் என்று நினைத்தது இதுதான். தேர்வு இல்லையென்றால் கிரெடிட் இல்லை. கிரெடிட் இல்லையென்றால் டிசம்பர் இல்லை. சட்ட உதவி அலுவலகம் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடும்.

வகுப்பு முடிந்து எல்லாரும் கலைந்துகொண்டிருந்தபோது ஒடீலியா விட்காம்பின் முன்னால் போய் நின்றார். அவர் சொன்னதைப் பேராசிரியர் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. குரல் அவ்வளவு தாழ்ந்திருந்தது.

“உங்களைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லையேம்மா. வரைபடத்துல இல்லைன்னு முதல் நாளே ஏன் சொல்லலை?”

“நீங்க கூப்பிட மாட்டீங்களேன்னுதான்.”

விட்காம்புக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். “நேர்மையான பதில். ஆனா நான் பார்க்காததை எப்படி எழுதித் தர்றது? நீங்க தினமும் வந்தீங்கன்னு யார் சொல்லுவா?”

ஒடீலியா திரும்பிப் பார்த்தார். வகுப்பு முடிந்ததும் ஊர்ப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர். அங்கே யாரோடும் பழகியதில்லை. டெக்லன் மட்டும் வாசலில் நின்றிருந்தான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவன் ஒரு நிமிடம் தரையைப் பார்த்தான். அப்புறம் திரும்பி நடந்து வந்தான்.

“நான் சொல்றேன், ப்ரொஃபசர். தினமும் வந்தாங்க. நான் சொன்ன பதில் எல்லாம் இவங்க சொல்லிக் குடுத்தது.”

“எல்லாமேவா?”

“நடுவுல அடிச்ச ஜோக்கு மட்டும் என்னோடது.”

“அதை வச்சே நான் கண்டுபிடிச்சிருக்கணும். உன்னை ஒரு படி ஏத்தி வச்சிருந்தேன், தெரியுமா?”

“தெரியும். இறக்கிடுங்க.”

விட்காம்ப் பேனாவை எடுத்தார். நான்காம் வரிசையில் சுவரோரமாக ஒரு கட்டம் வரைந்து பெயரை எழுதினார். “அலுவலகத்துக்கு நான் எழுதிடறேன். ஆனா நாளைக்கு உங்க பதிலை உங்க வாயிலேயே கேக்கணும்.”

மறுநாள் விரல் ஓடவே இல்லை. “மிசஸ் அருடா” என்றார் நேராக. வகுப்பே திரும்பியது. ஒடீலியாவுக்கு வழக்கு தலைகீழ்ப் பாடம். குரல்தான் எழும்பவில்லை. டெக்லன் பதறிப்போய், நன்றிக்கடன் போல, அவர் காதில் ஒரு பதிலைக் கிசுகிசுத்தான்.

“அது தப்பு!” என்றார் ஒடீலியா.

அறை முழுக்கக் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். டெக்லன் தலையில் கைவைத்துக்கொண்டான். “ஏன் தப்பு?” என்றார் விட்காம்ப். ஒடீலியா சொல்ல ஆரம்பித்தார். அந்த வகுப்பு முடியும்வரை பேராசிரியர் வேறு யாரையும் கூப்பிடவில்லை.

தேர்வில் ‘ஏ’ எடுத்தார். சொந்தக் கல்லூரியின் பதிவேட்டில் அது ஏறவில்லை. விதிப்படி மூன்று கிரெடிட் மட்டும் ஏறியது. “அந்த ஏ எங்கே போச்சு?” என்று மனுவேலுக்குத்தான் ஆறவில்லை. ஒடீலியா அன்று மாலை பன்றித் தொத்திறைச்சியும் மிளகாயும் வதக்கினார். ரொட்டிக்குள் வைத்துக் கட்டி, டெக்லன் வேலை செய்யும் மதுக்கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அவனும் ஒரு படி குறைந்தே தேறியிருந்தான்.

டிசம்பரில் படிப்பு முடிந்தது. பிப்ரவரியில் எழுதிய தேர்வில் முதல் முறையே தேறினார். சட்ட உதவி அலுவலகத்தில் சன்னல் இல்லாத ஓர் அறை கொடுத்தார்கள். முதல் வழக்கு, குளிர்காலம் முழுதும் வீட்டுக்காரர் வெப்பமூட்டும் வசதி தராமல் விட்ட ஒரு குடும்பத்தினுடையது. கைக்குழந்தை இருந்த வீடு. நெல்சன் நீதிமன்றத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

“வக்கீலம்மா, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க” என்றார் நீதிபதி.

சொன்னார்.